மே 13-க்குப் பிறகு நாடு எழுந்தது. தோட்டம் எங்கே போனது?

(வீடு காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் பெற்ற தோட்டக் குடும்பங்களுக்காக ஈப்போ, புந்தோங்கில் ஒரு கோவில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வேலை காரணமாக வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் கையில் ஒரு கடிதம் வைத்திருக்கிறீர்கள். மலாய் மொழியில் ஒரு பக்கம். பதினான்கு நாளில் ஒரு தொகையை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், பிறகு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஓர் அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, நாங்க என்ன தப்புப் பண்ணோம்? இந்த நாட்ல எந்தச் சண்டைக்கும் போகலையே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் பேசப்போகிறேன். கடிதத்துக்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது போன வாரம் கம்பெனி ஆபீசில் டைப் செய்த கடிதம் மட்டுமல்ல. அதன் வேர் 1969-ல் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1948-ல் இருக்கிறது.

சண்டை நடந்தது எங்கோ, கணக்கு எழுதியது நமக்கு

1969 மே 10-ஆம் தேதி பொதுத்தேர்தல். ஆளும் கூட்டணிக்குப் பெரிய அடி. நம் பேராக் சட்டமன்றத்தில் இருந்த 40 இடங்களில் கூட்டணிக்குக் கிடைத்தது 19. தனித்து ஆட்சி அமைக்க முடியாத நிலை. மூன்று நாள் கழித்து, மே 13 மாலை, கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அரசாங்கக் கணக்குப்படி செத்தவர்கள் 196 பேர். அதற்கு மேல் என்று நம்புகிறவர்கள் பலர். அரசாங்கக் கணக்கிலேயே 13 பேர் இந்தியர்கள். ஜூன் 28-ஆம் தேதி, நம்மவர்கள் நிறைந்த செந்தூலில் மறுபடியும் வெட்டுக்குத்து நடந்தது.

நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் மூடப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1970 ஆகஸ்டு 31-ல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. அதே ஆண்டு புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. ரத்தம் சிந்திய ஒரு நாட்டை மறுபடி கட்டியெழுப்ப இருபது ஆண்டுத் திட்டம், 1990 வரை.

அந்தக் கொள்கைக்கு இரண்டு கால்கள். முதல் கால்: இனம் பார்க்காமல் எல்லா மலேசியர்களின் வறுமையையும் ஒழிப்பது. இரண்டாவது கால்: இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்றிருக்கும் நிலையை மாற்றுவது.

இரண்டையும் மறுபடி படித்துப் பாருங்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இதில் நமக்கு என்ன ஆட்சேபம்? வறுமை என்றால் தோட்டத்து லயத்தை விட வறுமையான இடம் எது? ஓர் இனத்துக்கு ஒரு தொழில் என்றால் தமிழனுக்குப் பால்மரம் என்பதைவிடப் பொருத்தமான உதாரணம் உண்டா? எழுத்தில் இருந்தபடி நடந்திருந்தால், அந்தக் கொள்கை முதலில் வந்து நின்றிருக்க வேண்டிய இடம் நம் பிரட்டுக் களம்!

அது ஏன் வரவில்லை?

முதலில் 1948-ஐப் பார்ப்போம்

இதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில், 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலச் சட்டம். தோட்டங்களில் கூலிக்காகப் போராடிய தொழிற்சங்கங்களின் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

1950-லிருந்து காட்டோரம் இருந்த சீனர்கள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பெயர்த்தெடுத்து, முள்கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். பேராக்கில் இன்று நீங்கள் பார்க்கும் பல புதுக்கிராமங்கள் அப்படி வந்தவைதான். கொடுமையான காலம். அதை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அங்கே ஒரு மனை கிடைத்தது. பள்ளிக்கூடம், மருந்தகம், கடைத்தெரு வந்தது. பின்னாளில் பலருக்குக் குத்தகைப் பத்திரமும் வந்தது. அவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை, குத்தகை நிலம்தான். இருந்தாலும் வங்கியில் காட்ட ஒரு தாள் இருந்தது.

நம்மை என்ன செய்தார்கள்? சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து, தோட்டத்துக்குள்ளேயே வேலி போட்டு, அங்கேயே வைத்தார்கள். நிலம் கம்பெனியுடையது. வீடு கம்பெனியுடையது. தண்ணீர்க் குழாயும் கம்பெனியுடையது. ஒரே போர், ஒரே முள்கம்பி. போர் முடிந்தபோது ஒருவருக்கு மனை மிஞ்சியது, நமக்கு லயம் மிஞ்சியது. இன்று நீங்கள் வைத்திருக்கும் கடிதத்தின் முதல் வரி அங்கேதான் எழுதப்பட்டது.

தோட்டத்து கேட்டில் நின்றுபோன சாலை

1971-க்குப் பிறகு கிராமப்புற வளர்ச்சி என்று பணம் கோடிக்கணக்கில் இறங்கியது. தார் ரோடு, மின்சாரம், குழாய்த் தண்ணீர், மருந்தகம், சூராவ், சமூக மண்டபம். 1970-ல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு 49 குடும்பங்கள் ஏழைகள். 1990-ல் அது சுமார் 15 ஆகக் குறைந்தது. இது சாதாரண சாதனை இல்லை. கம்பத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போனதைப் பார்த்து நாம் வயிறெரியத் தேவையில்லை.

ஆனால் அந்தத் தார் ரோடு தோட்டத்து கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஏனென்றால் உள்ளே இருப்பது தனியார் நிலம். அரசாங்கத்தின் கணக்கில் கிராமம் என்றால் கம்பம். தோட்டம் கிராமமும் இல்லை, பட்டணமும் இல்லை. உள்ளே வாழும் மக்களுக்குச் செய்ய வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்றார்கள். முதலாளியோ ரப்பர் விலை சரியில்லை என்றார். என் சிறுவயதில் எங்கள் லயத்தில் ஜெனரேட்டர் விளக்குதான். ராத்திரி பத்து மணிக்கு அணைந்துவிடும். அரை மைலுக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் விடிய விடிய விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுப்போம்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபது சொச்சம். தோட்டம் மூடினால் பள்ளியும் மூடியது. மூடாமல் நின்ற பல பள்ளிகள் கம்பெனி நிலத்தில் நின்றதால் பகுதி உதவி பெறும் பள்ளி என்று பெயர் வாங்கி, கட்டடத்துக்கு முழுப் பணம் கேட்க முடியாமல் நின்றன.

காடு திருத்த நிலம் கொடுத்த பெல்டா திட்டம் 1956-லேயே தொடங்கியது. ரப்பர் மரத்தை நட்டு, களை எடுத்து, சீவி, பால் எடுக்கத் தெரிந்த சமுதாயம் எது? நாம். அந்த நிலக்குடியேற்றங்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம்.

சிவப்பு அடையாளக் கார்டும் ரஜூலா கப்பலும்

அந்த அம்மா கேட்டார், என்ன தப்புப் பண்ணோம் என்று. 1969-ல் நம்மவர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-ல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1957-ல் மனுப் போட்டிருந்தால் குடியுரிமை கிடைத்திருக்கும். ஆனால் விடியற்காலை பிரட்டுக்குப் போய் மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வரும் ஆளுக்கு அதை யார் சொன்னார்கள்? கிராணி சொல்லவில்லை. துரை சொல்லவில்லை. நம் தலைவர்களில் சிலர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள், எல்லாத் தோட்டத்துக்கும் அவர்களால் போக முடியவில்லை.

பெர்மிட் இல்லாமல் வேலை போய், சுமார் அறுபதாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் என்று கணக்குச் சொல்கிறது. என் பாட்டியின் தம்பி அவர்களில் ஒருவர். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு, "ஆறு மாசத்தில் வந்துடறேன்" என்று போனவர் திரும்பவே இல்லை. ஒரு கலவரத்தை ஆற்றுகிறோம் என்று நாடு மருந்து போட்ட அதே ஆண்டில், கலவரத்தில் கல்லெடுக்காத ஒரு சமுதாயத்தின் குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன.

இதே கதை இலங்கை மலையகத்திலும் நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1948-ல் குடியுரிமை பறிப்பு. 1964-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், பல லட்சம் பேரைக் கப்பலேற்ற. பிறகு 1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தம். தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரன் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தன. தேசத்துக்குச் சொந்தமாகிவிட்டது என்று கொடி ஏற்றினார்கள். உள்ளே இருந்த தமிழ்த் தொழிலாளிக்கோ வேலையும் ரேஷனும் குறைந்தது. சில தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டார்கள். முதலாளியின் கொடி மாறினால் தொழிலாளியின் வாழ்வு மாறிவிடாது.

கம்பெனி மலேசியாவுக்கு வந்தது, தொழிலாளி அங்கேயே நின்றான்

இங்கேயும் அதுவே நடந்தது. புதிய பொருளாதாரக் கொள்கையின் இலக்கு, 1990-க்குள் கம்பெனிச் சொத்தில் பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு, மற்ற மலேசியர்களுக்கு 40, அந்நியர்களுக்கு 30. 1970-ல் சொத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் அந்நியர் கையில் இருந்தது. அதில் பெரும்பங்கு எங்கே இருந்தது? தோட்டத்தில்! நம் தாத்தா பாட்டி காடழித்து உண்டாக்கிய தோட்டத்தில்.

1978-ல் பெர்மோடாலான் நேஷனல் அமைக்கப்பட்டது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனியின் கட்டுப்பாடு மலேசியாவின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரன் மிரண்டு போனான். நாடு பெருமைப்பட்டது. நாமும் பெருமைப்பட்டோம். 2007-ல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாகி உலகின் பெரிய தோட்டக் கம்பெனிகளில் ஒன்றாயின.

அந்தப் பங்குகளில் ஒரு கைப்பிடியையாவது, மூன்று தலைமுறை மரம் வெட்டியவர்களின் பெயரில் ஒதுக்கியிருக்கலாம் அல்லவா? யாரும் கேட்கவில்லை. இந்தியர்களின் பங்கு 1970-ல் சுமார் ஒரு விழுக்காடு. இருபது ஆண்டுத் திட்டம் முடிந்து 1990-ல் பார்த்தால் அதே ஒரு விழுக்காடு. தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலிதான். மழை பெய்தால் கூலி இல்லை. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தீபகற்பத்தில் 900 வெள்ளியோடு 2013-ல்தான் வந்தது. அது 1,700 வெள்ளி ஆனது 2025-ல். அதற்குள் நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள்.

போனது எப்படி?

என் கதையைச் சொன்னால் உங்கள் கதை மாதிரியே இருக்கும். நான் பிறந்தது செமோர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அம்மா பால்வெட்டு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது மரங்களைச் சாய்த்தார்கள். கம்பெனி ஆபீசில் ஒரு மேசை போட்டு வரிசையில் நிற்க வைத்தார்கள். அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. விரல் மையில் தோய்த்து வைத்தார். கையில் ஒரு காசோலை. இருபத்தோரு வருட உழைப்புக்கு அது சரியான தொகையா என்று யாரும் கேட்கவில்லை. நான் சட்டம் படித்து முடித்த பிறகு ஒருநாள் அந்தத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டப்படி வர வேண்டியதில் பாதி கூட வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "போனது போவட்டும்யா, அன்னிக்கு நீ எங்க இருந்த?" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது.

1980-க்கும் 2000-க்கும் இடையில் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் மூன்று லட்சம் பேர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதி ஆனது, தொழிற்பேட்டை ஆனது, கோல்ப் திடல் ஆனது. நாட்டின் நிர்வாகத் தலைநகரம் புத்ராஜெயா எங்கே நிற்கிறது? பெராங் பெசார் தோட்டத்தில். அங்கே மரம் வெட்டியவர்களை டிங்கிலில் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சுவர்கள் வெடித்ததை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

தோட்டத்தில் வறுமை இருந்தாலும் ஆயக்கொட்டகை இருந்தது, மாரியம்மன் கோவில் இருந்தது, பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். பட்டணத்துப் புறம்போக்கில் எதுவும் இல்லை. வேலை இல்லை, பத்திரம் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குண்டர் கும்பலுக்கு ஆள் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறார்கள். இங்கிருந்துதான் கிடைத்தது.

2001 மார்ச் மாதம் கம்போங் மேடானில் ரத்தம் சிந்தியது. ஆறு பேர் செத்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். அங்கே வாழ்ந்தவர்கள் யார்? தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட நம்மவர்களும், வேலை தேடி வந்த ஏழை மலாய்க்காரர்களும். இருவருமே ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்தவர்கள். ஒரு கலவரம் மறுபடி வரக்கூடாது என்று முப்பது வருடம் திட்டம் போட்ட நாட்டில், அந்தத் திட்டம் எட்டாத இடத்தில்தான் அடுத்த கலவரம் வந்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றது திடீர்க் கோபத்தால் அல்ல. அதற்குச் சில வாரம் முன் பாடாங் ஜாவாவில் கோவில் உடைக்கப்பட்டது தீக்குச்சி. விறகு பல ஆண்டாகக் காய்ந்து கிடந்தது.

யாரை எதிர்த்து?

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் கேட்டு மலாய்க்காரன் மேல் கோபப்பட்டால் நான் பேசியது வீண். நிலத்தில் உரிமை கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றவர்கள் நாம் மட்டுமல்ல. 1982-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் 462 பேர் பேராக் அரசாங்கத்தின் மேல் போட்ட வழக்கு தோற்றது. முதல் வாதியின் பெயர் சிடேக். அத்துமீறிக் குடியிருப்பவருக்குச் சட்டத்திலும் நியாயத்திலும் உரிமை இல்லை என்று வந்த அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் நமக்கு எதிராகப் படிக்கிறார்கள். ஏழைக்கு எதிரான தீர்ப்பு இனம் பார்ப்பதில்லை. அதேபோல, இன்று லயத்தில் நம் இடத்தில் தங்கியிருக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நம் எதிரிகள் அல்ல. நம் பாட்டன் வந்தது போல வந்தவர்கள்.

நாம் கேட்பது சலுகை இல்லை. எண்ணிக்கையில் எங்களையும் சேர் என்று கேட்கிறோம். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் வெட்டிக்கொண்டார்கள். 1989-ல் ஒரு சட்டம் போட்டார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் முதலாளி, தன்னிடம் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். 1998-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தக் கணக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கணக்கில் வராதவனுக்கு நியாயம் வராது. நம் நாட்டில் இனவாரியாகக் கணக்கு உண்டு. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன் என்ற கணக்குத்தான் இல்லை. 2017-ல் இந்தியர்களுக்கான பெருந்திட்டம் வந்தது. மித்ரா என்று ஆண்டுக்கு நூறு மில்லியன் வெள்ளி ஒதுக்கும் அமைப்பும் வந்தது. பயிற்சி, மடிக்கணினி, மானியம் எல்லாம் நல்லதுதான். ஆனால் வீடு இல்லாதவன் மடிக்கணினியை எங்கே வைப்பான்?

இப்போது கடிதத்துக்கு வருவோம்

பேனா எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பதினான்கு நாள் என்பது கம்பெனி தானாக வைத்த தேதி, சட்டம் வைத்ததல்ல. தாள் எந்த மொழியில் இருந்தாலும் புரியும் வரை விரல் வைக்காதீர்கள்.

இரண்டு: வேலை போகிறது என்றால் பணிநீக்கப் பலன் உங்கள் உரிமை, கம்பெனியின் தர்மம் அல்ல. 1980-ஆம் ஆண்டு விதிப்படி, இரண்டு வருடத்துக்குக் கீழே வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 22 வருடம் வேலை, மாதம் 1,700 வெள்ளி என்று வையுங்கள். ஒருநாள் சம்பளம் ஏறக்குறைய 56 வெள்ளி. 20 நாளை 22-ஆல் பெருக்கினால் 440 நாள். 24,000 வெள்ளிக்கு மேல் வரும். உங்கள் கடிதத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த காலம் எழுதியிருந்தாலும், எட்டு வார நோட்டீசும் உண்டு.

மூன்று: தோட்டம் கை மாறியது, புது முதலாளிக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர வேண்டும். தராவிட்டால் அது பணிநீக்கம்தான். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். காசு வேண்டாம். வழக்கறிஞரும் வேண்டாம்.

நான்கு: வீட்டைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். ஐம்பது வருடம் குடியிருந்தாலும் நம் நாட்டு நிலச் சட்டத்தில் அது பாத்தியதை ஆகாது. கோர்ட்டில் வென்று வீட்டை வாங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். ஆனால் கோர்ட் தாள் வந்தால் குப்பையில் போடாதீர்கள். குறித்த நாளில் நீங்கள் போகவில்லை என்றால் உங்களைக் கேட்காமலே காலி செய்ய உத்தரவு வந்துவிடும். போனால் பேச்சுக்கு இடம் கிடைக்கும். நிலத்தின் வகையை மாற்ற கம்பெனி மாநில அரசிடம்தான் போக வேண்டும். அந்த வாசலில் நாம் முதலில் நிற்க வேண்டும். வகை மாற்றத்துக்கு அனுமதி தரும் முன் தொழிலாளிக்கு வீடு என்று நிபந்தனை போடச் சொல்லிக் கேட்க வேண்டும். கோவிலையும் தமிழ்ப்பள்ளியையும் அதே மனுவில் எழுதுங்கள், தனித்தனியாக அலையாதீர்கள்.

நடக்குமா என்று கேட்கிறீர்கள். கோலசிலாங்கூர் பக்கத்தில் ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் முப்பது ஆண்டுக்கு மேல் விடாமல் கேட்டார்கள். சங்கமாக நின்று கேட்டார்கள். 2023-ல் மத்திய அரசும் மாநில அரசும் வீடு கட்டப் பணம் ஒதுக்க ஒப்புக்கொண்டன. அதைப் பார்க்காமல் கண்மூடியவர்கள் பலர். அதனால்தான் சொல்கிறேன், இன்றைக்கே தொடங்குங்கள்.

ஐந்து: பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிப் புத்தகம், சொக்சோ கார்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, லயத்து முன்னால் எடுத்த கல்யாண போட்டோ வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வீட்டில் யாருக்காவது சிவப்பு அடையாளக் கார்டு இருந்தால், பத்திரமே இல்லாத பிள்ளை இருந்தால், வெட்கப்படாமல் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

நம் கையும் வேண்டும்

அரசாங்கத்தைக் கேட்பது பாதி வேலை. மற்றப் பாதி நம் கையில். அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் பிரட்டுக் களத்தில் வந்து நின்றார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பால்வெட்டும் கைகள் தோட்டம் வாங்கின!

அதற்குப் பிறகு 1982-ல் மைக்கா வந்தது. நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, சுமார் 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கு, 2010-ல் 80 காசுக்கு விலை பேசப்பட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். கணக்குக் கேட்கவில்லை. தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

இந்த மண்டபத்துக்கு வெளியே காற்றில் என்ன வாசம் வருகிறது? கடலை வறுக்கும் வாசம். இந்தப் புந்தோங் கச்சாங் பூத்தேக்கு நாடு முழுக்கப் பெயர். தலையில் கூடை சுமந்து விற்றவர்களின் பிள்ளைகள் இன்று மொத்த வியாபாரம் செய்கிறார்கள். எந்த ஐந்தாண்டுத் திட்டமும் அதைக் கட்டித் தரவில்லை. ஒரே தெருவில், ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்து, தொழில் சொல்லிக் கொடுத்துக் கட்டினார்கள். தோட்டத்தில் நமக்கு இருந்த அந்த ஒட்டுறவை இழக்காமல் வந்தவர்கள் எழுந்தார்கள். ஆளுக்கு ஒரு மூலையாகச் சிதறியவர்கள் விழுந்தார்கள்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். நஷ்டஈடு எவ்வளவு கிடைத்தாலும் சரி, ஒரே இடத்தில் வீடு கேளுங்கள். நாற்பது குடும்பத்துக்கு நாற்பது இடத்தில் வேண்டாம். ஒரே வரிசையில் கேளுங்கள்.

அம்மா, நீங்கள் வாசலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நாடு உடைந்து, ஒட்ட வைத்தபோது உங்களை யாரும் கூப்பிடவில்லை, நாமும் போய் உட்காரவில்லை. இந்தத் தடவை உட்காருவோம். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு இதே மண்டபம். நாற்பது குடும்பமும் கடிதத்தைக் கொண்டு வாருங்கள். நாற்பது கடிதத்துக்கும் ஒரே பதில் எழுதுவோம். என் அம்மா வரிசையில் நின்ற அன்று யாரும் பக்கத்தில் இல்லை. உங்கள் பக்கத்தில் ஆள் இருக்கிறது.